மருந்தும் நஞ்சும்: இதய மூலிகையொன்றின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் அரபுக் கல்லூரியின் ஆண்டு விழாவில், முஸ்லிம்கள் அறிவியலுக்கு ஆற்றிய தொண்டைப் பற்றி நாம் உரையாற்றினோம். இப்னு ஸீனாவின் மருத்துவ நூல்களைக் குறிப்பிட்டு வரும்போது, இன்று இதய நோயாளருக்கு மருத்துவர்கள் வழங்கும் டிஜாக்ஸின் என்னும் மாத்திரைக்குரிய மூலிகையும் அப்பெருமகனார் கண்டதே என்று சொல்லிவிட்டோம். எங்கோ படித்த செய்தி. எவரோ சொல்லக் கேட்டது. அவையோர் மகிழ்ந்தனர். விழா முடிந்த பின் மாணவர் ஒருவர் அருகில் வந்து, “ஹஜ்ரத், அது எந்தக் கிதாபில், எந்த பாபில் வருகிறது?” என்று பணிவுடன் கேட்டார். பார்த்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். பார்த்தோம், இல்லை.

அந்த மாணவருக்கு நாம் தரக் கடமைப்பட்ட விடையே இக்கட்டுரை. தேடிய வழியில் நமக்குக் கிடைத்தது, நாம் மேடையில் சொன்னதைவிடப் பயனுள்ளது என்று கருதுவதால் வாசகர் முன் வைக்கிறோம்.

இப்னு ஸீனா எழுதியது என்ன?

இப்னு ஸீனா (ஹி. 370–428, கி.பி. 980–1037) இதய மருந்துகளுக்கெனத் தனி நூல் இயற்றியது உண்மையே. ‘அல்அத்வியத்துல் கல்பிய்யா’ என்பது அதன் பெயர். வில்லனோவா ஊரினரான அர்னால்டு என்னும் மருத்துவர் அதனை லத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய மருத்துவரும் அதைப் பயின்றனர்.

ஆயினும் அந்நூலில் ‘கல்பு’ என்னும் சொல் எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரத்தத்தை உந்தி உடலெங்கும் செலுத்தும் தசை உறுப்பு என்னும் இன்றைய கருத்து அக்கால மருத்துவத்தில் இல்லை. உயிராற்றலாகிய ‘ரூஹ்’ உருவாகும் இடம் இதயம். மகிழ்ச்சியும் துயரமும் அச்சமும் அந்த ரூஹின் நிலைமாற்றங்கள் என்பதே அவர்கள் கொள்கை. ஆகவே இப்னு ஸீனா குறிப்பிடும் இதய மருந்துகளில் பல, உள்ளத்துக்குக் களிப்பூட்டும் ‘முஃபர்ரிஹ்’ வகையைச் சேர்ந்தவை. குங்குமப்பூ, கஸ்தூரி, அம்பர், முத்து, பொன், பட்டு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. டிஜிட்டாலிஸ் அதில் இல்லை.

டிஜிட்டாலிஸ் என்பது ஐரோப்பாவின் மேற்குப் பகுதிகளில் காடோரங்களிலும் மேட்டு நிலங்களிலும் இயல்பாக வளரும் செடி. ஊதா நிறப் பூக்கள் நீண்ட தண்டில் வரிசையாகத் தொங்கும். தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தானைப் போன்ற வடிவம் அப்பூவுக்கு. ஜெர்மானிய மக்கள் அப்பொருளிலேயே அதனை அழைத்து வந்தனர். 1542இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்னும் தாவரவியல் அறிஞர், விரல் என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ‘டிஜிட்டாலிஸ்’ என்னும் பெயரை அமைத்தார். அதாவது, இப்னு ஸீனா மறைந்து ஐந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே அச்செடி இப்பெயரைப் பெற்றது.

நரிவெங்காயமும் அரளியும்

எனினும் நம் முன்னோருக்கு இம்மருந்தின் வரலாற்றில் பங்கே இல்லையா? உண்டு. அது நாம் மேடையில் சொன்ன இடத்தில் இல்லை. வேறோர் இடத்தில் இருக்கிறது.

இதயம் தளர்ந்தால் உடலில் நீர் தேங்கும், கால் வீங்கும், வயிறு பெருக்கும், மூச்சுத் திணறும். நீர் தேங்கி உடல் வீங்கும் நோயை அரபு மருத்துவர் ‘இஸ்திஸ்கா’ என்றனர். லஹ்மீ, ஸிக்கீ, தப்லீ என அதனை மூவகையாகப் பிரித்தனர். ஈரலின் கோளாறே அதற்குத் தலையாய காரணம் என்று கருதினர். அவர்கள் கையாண்ட மருந்துகளுள் ஒன்று ‘இஸ்கீல்’. ‘உன்ஸுல்’ என்றும், எலி வெங்காயம் என்னும் பொருளில் ‘பஸலுல் ஃபஃர்’ என்றும் அது வழங்கும். மத்தியதரைக் கடற்கரைகளில் விளையும் பெரிய கிழங்கு அது. அதன் உறவுச் செடியைத்தான் நம் நாட்டில் நரிவெங்காயம் என்கிறோம்.

இவ்வறிவு கிரேக்க மருத்துவரான தியாஸ்கோரிதூஸ் முதல் நூற்றாண்டில் எழுதிய மூலிகை நூல் வழியாக அரபுலகுக்கு வந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இஸ்திஃபன் இப்னு பஸீல் அந்நூலை அரபியில் பெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு: கி.பி. 873) அதைத் திருத்தினார். அரபுப் பெயர் தெரியாத செடிகளுக்குக் கிரேக்கப் பெயரையே அரபு எழுத்தில் எழுதி வைத்தனர். அறியாததை அறிந்ததுபோல் காட்டாமல், பின்வருவோர் நிரப்பட்டும் என்று இடம் விட்டனர். 10ஆம் நூற்றாண்டின் நடுவில் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர், குர்துபாவை ஆண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அந்நூலின் கிரேக்கப் படியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அங்கே கிரேக்கம் அறிந்தவர் இல்லை. எனவே நிக்கோலஸ் என்னும் கிறித்தவத் துறவி வரவழைக்கப்பட்டார். யூத மருத்துவரான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும் முஸ்லிம் மருத்துவர்களும் அவருடன் அமர்ந்து, எஞ்சிய செடிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டனர். மாலகாவில் பிறந்து திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் (மறைவு: கி.பி. 1248) ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தது இந்த அடித்தளத்தின் மீதுதான்.

இஸ்கீல் கிழங்கில் இருப்பதும் டிஜிட்டாலிஸ் இலையில் இருப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் என்பதைப் பிற்கால வேதியியல் காட்டியது. இதய கிளைக்கோசைடுகள் என்பது அக்குடும்பத்தின் பெயர். அப்படியானால், இஸ்திஸ்கா நோயாளிக்கு இஸ்கீல் கொடுத்த மருத்துவர், தாம் அறியாமலே தளர்ந்த இதயத்துக்கும் மருந்து கொடுத்திருக்கிறார். வீக்கம் வடிந்ததைக் கண்டார். அது ஏன் வடிந்தது என்பதை அறியவில்லை.

இக்குடும்பத்தின் மற்றொரு செடியை அவர்கள் மருந்தாக அன்றி நஞ்சாகவே முதலில் அறிந்திருந்தனர். அதுதான் அரளி. அரபியில் ‘திஃப்லா’. பாரசீகத்தில் ‘கர்ஸஹ்ரா’, அதாவது கழுதைக்கு நஞ்சு. வடமொழியில் அதற்குள்ள பெயர்களுள் ஒன்று ‘அச்வமாரகம்’; குதிரையைக் கொல்வது என்பது பொருள். இரு மொழியினரும் தத்தம் கால்நடையை இழந்து கற்ற பாடம் அப்பெயர்களில் பதிந்து கிடக்கிறது. அரபு நூல்கள் திஃப்லாவைத் தோலின் மேல் பூசவே பெரிதும் கூறின. உட்கொள்வதைக் குறித்து எச்சரித்தன.

மருந்தைச் சோதிக்கும் முறை

நம் முன்னோரின் பெரும் பங்கு எந்தச் செடியைக் கண்டனர் என்பதில் இல்லை. மருந்தை எவ்வாறு அறிவது என்று வகுத்ததில் இருக்கிறது. மருந்தின் ஆற்றலை அறிய இரு வழிகள் உண்டு என்று ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில் இப்னு ஸீனா கூறுகிறார். ஒன்று ‘தஜ்ரிபா’ என்னும் சோதனை அனுபவம். மற்றொன்று ‘கியாஸ்’ என்னும் ஒப்புமை அறிவு. சோதனைக்கு அவர் ஏழு நிபந்தனைகளை விதிக்கிறார். மருந்தில் வெளியிலிருந்து வந்த வெப்பமோ குளிர்ச்சியோ கலந்திருக்கக் கூடாது. பல நோய்கள் பின்னியவரிடம் அன்றி, ஒரே நோய் உடையவரிடம் சோதிக்க வேண்டும். எதிரெதிரான நோய்களிலும் சோதிக்க வேண்டும். நோயின் வன்மைக்கு ஏற்ப மருந்தின் வன்மை இருக்க வேண்டும். ஆதலால் மென்மையானதில் தொடங்கிப் படிப்படியாகச் செல்ல வேண்டும். மருந்து வினைபுரியும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பலன் எப்போதும், அல்லது பெரும்பாலும், ஒன்றாக அமைய வேண்டும்; இல்லையேல் அது தற்செயல். இறுதியாக, மனித உடலிலேயே சோதிக்க வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்டது மனிதருக்குப் பொருந்த வேண்டியதில்லை.

இதற்கு முன்பே அர்ராஸீ (மறைவு: கி.பி. 925), மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளருள் ஒரு பகுதியினருக்கு இரத்தம் வெளியேற்றி, மற்றொரு பகுதியினரை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டதாக எழுதியுள்ளார். அல்கிந்தீ, கூட்டு மருந்துகளின் அளவைக் கணிதத்தால் வரையறுக்க முயன்றார். சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப், மருந்து வணிகரின் தராசையும் சரக்கையும் சோதிக்க வேண்டும் என்று ஹிஸ்பா நூல்கள் விதித்தன. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே ‘ளாமின்’, ஈடு செய்யப் பொறுப்பானவர், என்னும் நபிமொழியை ஒட்டிய சட்டம் ஃபிக்ஹ் நூல்களில் உள்ளது. அளவு, சோதனை, பொறுப்பு ஆகிய இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு இனி இங்கிலாந்துக்குச் செல்வோம்.

வில்லியம் விதரிங்கின் பத்தாண்டுகள்

வில்லியம் விதரிங் (1741–1799) எடின்பரோவில் மருத்துவம் பயின்று, பின்னர் பர்மிங்காமில் தொழில் செய்த மருத்துவர். தாவரவியலிலும் வல்லவர். 1775ஆம் ஆண்டில் நீர்வீக்க நோய்க்கான குடும்ப மருந்தொன்றைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஷ்ராப்ஷயர் மாவட்டத்து மூதாட்டி ஒருவர் அதை நெடுநாள் மறைபொருளாக வைத்திருந்தார். மருத்துவர் கைவிட்ட சிலரும் அதனால் குணமடைந்தனர். கடும் வாந்தியும் பேதியும் அதன் விளைவுகள். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அதில் இருந்தன. அவற்றுள் வினைபுரிவது டிஜிட்டாலிஸ் ஒன்றே என்று விதரிங் உய்த்துணர்ந்தார். அம்மூதாட்டியின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. இன்று சில நூல்களில் காணப்படும் பெயர், 20ஆம் நூற்றாண்டில் மருந்து நிறுவனமொன்றின் விளம்பரம் புனைந்தது. மேடையில் பெயர் சேர்த்துப் பேசும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

செடியைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. வேரா, இலையா, எப்பருவத்து இலை என்று ஆராய்ந்தார். ஆண்டு முழுவதும் இலையின் வீரியம் மாறுவதைக் கண்டு, பூக்கும் பருவத்தில் பறித்து உலர்த்திப் பொடித்த இலையே நிலையான அளவுக்கு உகந்தது என முடிவு செய்தார். ஒரு வேளைக்கு 1 முதல் 3 கிரெய்ன், நாளைக்கு இரு வேளை என்று வரையறுத்தார். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகியவற்றுள் எதிலேனும் மருந்தின் விளைவு தோன்றிய உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். தொடக்கத்தில் தாம் மிகுதியாகக் கொடுத்ததையும் ஒளிக்கவில்லை.

1785இல் அவர் வெளியிட்ட நூலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளரின் வரலாறுகள் உள்ளன. குணமடைந்தோர், குணமடையாதோர், இறந்தோர் எனத் தாம் மருந்தளித்த அனைவரையும் அதில் சேர்த்தார். வெற்றிகளை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் மருந்துக்கும் தமக்கும் புகழ் கிடைத்திருக்கும். உண்மை அதை ஏற்காது என்பது அவர் கருத்து. எண்ணிப் பாராமல் கொடுக்கப்பட்டால் மக்கள் மடிவர். அதனால் நல்ல மருந்தொன்று பழிக்கப்பட்டுக் கைவிடப்படும் என்று அஞ்சியே அந்நூலை எழுதியதாகவும் கூறுகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. அவர் கட்டணம் பெறாமல் பார்த்த ஏழை நோயாளரிடமே இம்மருந்தை முதலில் கொடுத்துப் பார்க்க வாய்ப்புப் பெற்றார். மருந்தின் அளவை உலகம் அறிந்துகொண்டதற்கான விலையை முதலில் செலுத்தியவர்கள் பெயரறியா ஏழைகள்.

விதரிங்கும் மருந்தின் வினையைச் சிறுநீர் வழியாகவே பெரிதும் நோக்கினார். ஆனால் வேறெந்த மருந்திலும் காணாத அளவுக்கு இதயத்தின் இயக்கத்தை இது ஆள்கிறது என்பதையும் குறித்து வைத்தார். பின்னர் வந்தவர்கள் அவருடைய எச்சரிக்கையை மறந்தனர். காசநோய், வலிப்பு, மனநோய் என எல்லாவற்றுக்கும் இதைக் கொடுத்து, அவர் அஞ்சியபடியே கெடுத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்கன்ஸி முதலிய மருத்துவர்கள் ஒழுங்கற்ற நாடியை ஆராய்ந்தபோதுதான் மருந்துக்குரிய இடம் தெளிவாயிற்று.

மஞ்சளாகத் தெரிந்த சுவர்

1930இல் சிட்னி ஸ்மித் என்னும் வேதியியலார், மற்றொரு வகை டிஜிட்டாலிஸ் செடியின் இலையிலிருந்து டிஜாக்ஸினைப் பிரித்தெடுத்தார். இலைப்பொடியின் இடத்தில் நிறுத்தறியத்தக்க மாத்திரை வந்தது. இதய அணுக்களின் சவ்வில், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நுண்ணிய பொறியொன்று உள்ளது. 1957இல் அதைக் கண்டறிந்த ஜென்ஸ் ஸ்கூ 1997இல் நோபல் பரிசு பெற்றார். டிஜாக்ஸின் அப்பொறியைத் தடுக்கிறது. அதனால் அணுவில் கால்சியம் மிகுந்து, இதயத் தசை வலுவாகச் சுருங்குகிறது. மேலும், மேலறையின் தாறுமாறான துடிப்புகள் கீழறைக்குச் செல்வதையும் இம்மருந்து குறைத்து, நாடியை மட்டுப்படுத்துகிறது. ஆனால் அதே தடை சற்று மிகுந்தால் இதயத்தின் ஒழுங்கே குலைந்து உயிர் போகும். மருந்தாக்குவதும் நஞ்சாக்குவதும் ஒரே செயல்தான். வேறுபாடு அளவில் மட்டுமே.

அந்த அளவு மிகக் குறுகியது. வழக்கமான மாத்திரையில் இருப்பது கால் மில்லிகிராம். மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்த முதியோர் உடலில் அது தேங்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளால் பொட்டாசியம் குறைந்தால் நச்சுத்தன்மை கூடும். வேறு சில மருந்துகளும் இரத்தத்தில் இதன் அளவை உயர்த்தும்.

நம் பெரிய வாப்பா தம் இறுதி ஆண்டுகளில் இம்மாத்திரையை உட்கொண்டு வந்தார். வாரத்தில் ஐந்து நாள் மட்டும் என்பது மருத்துவர் சொன்ன கணக்கு. விடுபட்ட நாளுக்கும் சேர்த்து விழுங்குவது நல்லது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். சில வாரங்களில் உணவு வெறுத்தது, குமட்டல் வந்தது. வெள்ளையடித்த சுவர் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். வீட்டில் இருந்தோர் காமாலை என எண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனர். மருத்துவர் வந்து நாடியை எண்ணினார். மாத்திரைகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். அந்தச் சிறு வெள்ளை மாத்திரையைத் தனியே ஒதுக்கினார். இறையருளால் பெரிய வாப்பா பிழைத்தார். பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவதும் நாடி தளர்வதும் இம்மருந்து மிகுந்ததன் அறிகுறிகள் என்று 1785லேயே விதரிங் எழுதியிருப்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, நம் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது.

இம்மருந்தின் இடம் இன்னும் ஆராயப்பட்டே வருகிறது. 6800 நோயாளரிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான பேராய்வு, இதயத் தளர்ச்சியில் டிஜாக்ஸின் இறப்பைக் குறைக்கவில்லை, மருத்துவமனையில் சேரும் நிலையைக் குறைத்தது என்று கண்டது. பின்னர் அதே தரவுகளை ஆராய்ந்தவர்கள், இரத்தத்தில் குறைந்த அளவே நலம் என்றனர். இதன் உடன்பிறப்பான டிஜிடாக்ஸினைக் குறித்து 2025இல் வெளியான ஆய்வொன்று, வழக்கமான சிகிச்சையுடன் அதைச் சேர்த்தபோது இறப்பு, மருத்துவமனைச் சேர்க்கை இரண்டையும் சேர்த்து எண்ணிய கணக்கில் குறைவு கண்டது.

யாழ்ப்பாணத்து வேலியோரம்

இந்த வரலாற்றின் கடைசிப் பகுதி தமிழ் மண்ணில் நிகழ்ந்தது. நம் வீட்டு வேலிகளில் நிற்கும் மஞ்சள் அரளி இந்நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் உடல் முழுவதிலும் டிஜிட்டாலிஸ் குடும்பத்து நஞ்சு உள்ளது. 1980களில் யாழ்ப்பாணத்தில் மனம் நொந்த இளையோர் பலர் அதற்குப் பலியாகினர். 170 நோயாளரை ஆராய்ந்த கட்டுரையொன்று 1988இல் வெளிவந்தது. பின்னர் இலங்கையின் பிற பகுதிகளுக்கும் இது பரவியது. தமிழகத்து மருத்துவமனைகளும் இத்துயரத்தை அறியும்.

மாற்று மருந்து இல்லாமல் இல்லை. டிஜாக்ஸினுக்கு எதிராகச் செம்மறியாட்டின் உடலில் உருவாக்கிய எதிர்ப்பொருளால் 1976இல் அமெரிக்காவில் ஒரு நோயாளி காப்பாற்றப்பட்டார். இஸ்கீலும் திஃப்லாவும் டிஜிட்டாலிஸும் ஒரே குடும்பம் அல்லவா? அந்த மாற்று மருந்து அரளி நஞ்சையும் தணிக்கும் என்று, கொழும்பில் 66 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நிறுவியது. ஆனால் விலை ஏழை நாட்டுக்கு எட்டாதது. 2001இல் இலங்கையில் இருப்புத் தீர்ந்தது. அரளி நஞ்சால் இறப்போர் தொகை உயர்ந்தது. மருந்தின் அளவைக் கண்டறிய உதவியவர்களும் ஏழைகள். கண்டறிந்த பின் அதன் பயன் எட்டாமல் போனவர்களும் ஏழைகள்.

அந்த மாணவர் இன்று வேறோர் ஊரில் ஆசிரியராக இருக்கிறார். அவருக்கு நம் விடை இது: டிஜிட்டாலிஸ் இப்னு ஸீனாவின் நூலில் இல்லை, மேடையில் நாம் சொன்னது தவறு. ஆனால் சிறிதளவில் தொடங்கு, பிறவற்றோடு கலக்காதே, ஒருமுறை கண்டதை நம்பிவிடாதே என்னும் நெறி அவர் நூலில் இருக்கிறது. எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஷ்ராப்ஷயர் மூதாட்டியின் இருபது மூலிகைகளிலிருந்து ஒன்றைப் பிரித்து, கிரெய்ன் கணக்கில் நிறுத்து, இறந்தோரையும் ஏட்டில் பதிந்த அந்த ஆங்கில மருத்துவர் அந்நெறிப்படியே நடந்திருக்கிறார். அவர் அதனை இப்னு ஸீனாவிடமிருந்து கற்றார் என்று நாம் சொல்லப் போவதில்லை. அதற்கும் பாபும் பக்கமும் கேட்பீர்கள். கேட்க வேண்டும். கண்ட செடியைவிட, கேட்கத் துணிந்த கேள்வியே நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அச்சொத்துக்கு நம்மைவிடத் தகுதியான வாரிசாக அன்று நடந்துகொண்டவர் நீங்கள்தான்.